மஞ்சள் கவர், கறுப்பு கவர்

எதில் போடட்டும் என்று கனவில் யாரோ அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பதில் சொல்வதற்குள் விழித்துவிட்டாள்.

தலைக்கு மேல் மின்விசிறி. சனிக்கிழமைதோறும் அவள்தான் அதைத் துடைப்பாள். இன்று அதற்குக் கீழே கட்டிலில் கிடக்கிறாள்.

மயக்க மருந்து முழுசாக இறங்கவில்லை. சுவர்கள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மெல்ல அசைந்தன. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்து மாதமாக இருந்த கனம் இல்லை.

அழுகை வருவதற்கு முன்னால் பாட்டுச் சத்தம் வந்துவிட்டது.

தெருமுனையில் மாநகராட்சிக் குப்பை வண்டி.

எழுந்துவிட்டாள்.

இந்தப் பத்துக் கட்டில் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகக் குப்பை பிரிப்பவள் அவள். ரத்தமும் சதையும் மஞ்சள் கவரில் போக வேண்டும். அதற்கென்று தனி வண்டி பதினோரு மணிக்கு வரும். எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரிக்கும். கறுப்பு கவரை மாநகராட்சி சும்மாவே அள்ளிக்கொண்டு போகும்.

கொஞ்சம் பார்த்துப் போடும்மா என்று மானேஜர் சொன்னது ஒரே ஒரு தடவைதான். மிச்சத்தை அவளே கற்றுக்கொண்டாள். சின்னதாக வருவதையெல்லாம் கறுப்பு கவரின் அடியில் வைத்து, மேலே எச்சில் இட்லிப் பொட்டலமும் இளநீர் மட்டையும் போட்டு மூடிவிடுவாள். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த தேசம்மாளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள்.

இன்று கவர் கட்டியவள் தேசம்மாள்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுட்டால்கூடத் தேவலை. கறுப்பு கவரில் போவது எதையும் யாரும் சுடுவதில்லை. குப்பைமேட்டில் கிடக்கும். நாய் இழுக்கும்.

சுவரைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினாள். கால் தரையில் பாவவில்லை. வெயில் மஞ்சளாய்ப் படியெல்லாம் வழிந்து கிடந்தது. யாரோ கூப்பிட்டார்கள். எங்கோ தூரத்தில், வேறு யாரையோ.

பின்பக்கம் எட்டு கறுப்பு கவர்கள். எட்டிலும் அவள் சொல்லிக் கொடுத்த முடிச்சு.

எதில் என்று தெரியவில்லை.

வண்டி வாசலில் வந்து நின்றது.

அங்கே தொங்கிய கையுறையை மாட்டிக்கொண்டு முதல் கவரைப் பிரித்தாள். இளநீர் மட்டை. இட்லிப் பொட்டலம். அடியில், துணியில் சுற்றி, கைக்கு அடக்கமாக ஏதோ ஒன்று. அவளுடையதா, யாருடையதா?

எடுத்து, பக்கத்தில் இருந்த மஞ்சள் கவரில் வைத்தாள். மெதுவாக வைத்தாள். இத்தனை வருடத்தில் இப்படி வைத்ததில்லை.

இரண்டாவதைப் பிரித்தாள். மூன்றாவதை.

வண்டிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். பாட்டு தெருத்தெருவாகத் தேய்ந்து மறைந்தது.

தேசம்மாள் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"அக்கா, உன்னுது இதுல இல்லக்கா. காலையிலேயே மஞ்சள்ல போட்டுட்டேன். கறுப்புல போட எனக்கு மனசு வரல."

அப்போதுதான் அழுதாள்.

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நான்காவது கவரின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.