நட்டை முறுக்கியது யார்?

"மாமாவா? கல்யாணமே இன்னும் முடிவாகல. ஐயான்னு கூப்பிடு!" தன் மகளைப் பெண் கேட்டு வந்த பிளம்பர் ரியோஹெயிடம் கன்ஜி சீறினார்.

அப்போது அவர் மனைவி ஃபுமியே, "டாய்லெட்ல குழாய் ஒழுகுதுங்க!" என்று கத்தினாள்.

தப்பித்தோம் என்று ரியோஹெய் ஓடினான். கழிப்பறைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள அதன் வாசலில் கிடக்கும் செருப்பைக் காணோம். காலுறையோடு நுழைந்து, வால்வை மூடி, புது வாஷர் போட்டுத் திரும்பினான்.

"யாரோ நட்டை மூர்க்கமா முறுக்கி வாஷரைக் கிழிச்சிருக்காங்க, ஐயா."

"நான் காலையிலேர்ந்து அந்தப் பக்கமே போகல!" நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த கன்ஜி முந்திக்கொண்டார்.

ரியோஹெயும் ஃபுமியேவும் அவர் காலைப் பார்த்தார்கள். செருப்பில் 'கழிப்பறை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

கன்ஜி மெல்லக் காலை இறக்கினார்.

"சரி, சரி... மாமான்னே கூப்பிடு."