முப்பிடாதி கை எடுக்கும்வரை

அவன் விரல் திரையைத் தொடாமல் நின்றது.

கைபேசியின் இசைப் பட்டியலில் ஒரு பெயர். வைசாலி.

வகுப்புக்கு வெளியே புதிதாக வந்த சிறுமி வராந்தாத் தூணைக் கட்டிப் பிடித்திருந்தாள். ரிஸ்வானா. பேச்சு வராது. யார் கூப்பிட்டாலும் காதைப் பொத்திக்கொள்வாள். பள்ளியில் சேர்ந்ததிலிருந்து உள்ளே கால் வைக்கவில்லை.

"தூணுக்கு டியூசன் எடுக்கா சார்" என்றான் இசக்கிராஜ். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் அம்மா சிரிக்கவில்லை.

"இன்னைக்கும் வரமாட்டான்னா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருதேன் சார். இனி கொண்டாரல. அவ வாப்பா அப்பவே சொன்னாக, இவளுக்கெல்லாம் எதுக்குப் பள்ளிக்கூடம்னு."

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒன்றாகப் படிக்கும் வகுப்பு அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சிலருக்குக் கேட்காது. சிலருக்குக் கேட்டாலும், தன்னைத்தான் என்று தெரியாது.

அதனால் இசை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. பிள்ளை வாசலுக்கு வந்ததும் அதன் இசை ஒலிக்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளை நடந்துவந்து பாயில் உட்காரும்வரை இசை நிற்காது.

எப்போது நிறுத்துவது என்று அதே வகுப்பில் படிக்கும் முப்பிடாதி சொல்வாள். அவளுக்குக் காது கேட்காது. ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையைப் பதித்து, அதிர்விலேயே யாருடைய இசை என்று அறிந்து, வருகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்ததும் கையை எடுப்பாள். அவன் நிறுத்துவான்.

அது அவள் வேலை. அவள் அதில் அவசரப்பட்டதில்லை. தவறியதும் இல்லை.

முதலில் சினிமாப் பாட்டுகளைத்தான் போட்டார்கள். ஆண்டுவிழா வீடியோவை இணையத்தில் ஏற்றியபோது, பாட்டு வேறொருவருக்குச் சொந்தம் என்று ஒலியை முடக்கிவிட்டார்கள். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு அவன் உரிமைத்தொகை கேட்காத இசையாகத் தேடித்தேடி இறக்கினான். யார் வாசித்தது, எங்கே வாசித்தது என்று எதுவும் தெரியாத துண்டுகள்.

வைசாலிக்கு ஒரு புல்லாங்குழல். நடுவில் ஒரே ஒரு மணி. இருப்பதிலேயே நீளமானது அதுதான்.

அவள் காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கியை மாட்டி நடப்பவள். வாசலிலிருந்து கரும்பலகையைத் தாண்டி வருவாள். பீரோவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். அப்போது மணி ஒலிக்கும். பிறகு குழல். பிறகு நடை.

அவன் மகள்.

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது.

அவள் உடுப்புகளை மனைவி யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். காலிப்பரைக்கூட. குழல் மட்டும் அவனிடம் இருந்தது. அவன் அதைப் போடவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

ரிஸ்வானாவுக்கு மற்றதையெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. வயலினுக்குத் தூணில் தலையை மோதினாள். மேளத்துக்கு அழுதாள்.

"அந்தக் குழலைப் போட்டுப் பாருங்களேன் சார்." அமலபுஷ்பம் டீச்சர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "யாருக்கும் சொந்தமில்லாத மியூசிக்தானே."

இன்று போட்டு அவள் வந்துவிட்டால், நாளை முதல் அது ரிஸ்வானாவுடையது.

வெளியே அம்மா மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அவன் தொட்டான்.

குழல்.

எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின.

"சார், இது வைசாலி பாட்டுல்லா?"

பதிலுக்குக் காத்திராமல் இசக்கிராஜ் பாயில் நகர்ந்து இடம் விட்டான். பழைய பழக்கம்.

தூணிலிருந்து ஒரு கை விலகியது. பிறகு இன்னொன்று.

ரிஸ்வானா காதைப் பொத்தவில்லை. நிலைப்படியைத் தாண்டினாள். ஓட்டமும் நடையுமாக வந்து உட்கார்ந்தாள்.

இசக்கிராஜ் விட்ட இடத்தில் அல்ல. அதைத் தள்ளி, அடுத்த இடத்தில்.

அவள் அம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோளிலிருந்து பை நழுவியது.

அவன் முப்பிடாதியைப் பார்த்தான்.

அவள் கை ஸ்பீக்கர் மேலேயே இருந்தது.

உட்கார்ந்துவிட்டாள் என்று அவள் கண்ணில் படும்படி சைகை காட்டினான். ரிஸ்வானாவைச் சுட்டினான்.

முப்பிடாதி அவன் பக்கம் திரும்பாமலே தலையசைத்தாள். இல்லை.

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் வெயில் மட்டும்.

பிறகு அவள் கண்கள் நகர்ந்தன. மிக மெதுவாக. நிலைப்படியிலிருந்து கரும்பலகைக்கு. கரும்பலகையிலிருந்து பீரோவுக்கு.

அங்கே நின்றன.

மணி ஒலித்தது.

ஒருவர் மூச்சு வாங்கி முடிக்கிற நேரம் அவை அங்கேயே இருந்தன.

அவனுக்கு அந்தப் பக்கம் திரும்பத் துணிவு வரவில்லை. முப்பிடாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி குழல். மறுபடி அந்தக் கண்கள் நடந்தன. பாயின் ஓரத்துக்கு. பாய்க்கு.

ரிஸ்வானா விரிந்து கிடந்த தன் பாவாடையை இழுத்து மடிக்குள் சுருட்டிக்கொண்டாள். மிதிபடாமல்.

முப்பிடாதியின் பார்வை தாழ்ந்தது. உட்காரும் பிள்ளையின் உயரத்துக்கு.

கையை எடுத்தாள்.

அவனைப் பார்த்தாள். நிறுத்தலாம் என்று தலையாட்டினாள்.

குழல் போய்க்கொண்டே இருந்தது.