மூன்றாவது வரியில் தப்பு

“தப்பாப் பாடுங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார் பாட்டு வாத்தியார் முத்துக்குமரன்.

நாலு பிள்ளைகள் மூன்றாவது வரியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் கீழே இறங்கினார்கள். ஓவியா மட்டும் சரியாக ஏறிவிட்டாள்.

“எத்தன தடவ சொல்றது? தப்பு பண்ணு ஆத்தா.”

“தப்பு வரமாட்டேங்குது சார்.”

“வராமப் போகுமா? மனசு வச்சுப் பண்ணு.”

பெரியகுளத்தில் ஒரு கல்லூரி. வேலையில் இருக்கும் பாட்டு வாத்தியார்களுக்கு மே மாதம் மட்டும் வகுப்பு நடத்தி, மூன்று கோடையில் எம்.ஏ. கொடுக்கிறார்கள். பட்டம் வந்தால் பதவி உயர்வு. இன்று கடைசிப் பரீட்சை. பிள்ளைகளுக்குத் தெரியாத பாட்டு ஒன்றை, பரீட்சகர் முன்னால் நாற்பது நிமிஷத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐம்பது வாங்கினால் பாஸ். லீவு நாளில் பிள்ளைகளுக்கு எங்கே போவது? அவரவரே ஐந்து பேரைக் கூட்டி வரணும்.

முத்துக்குமரன் கூட்டி வந்தது சின்னமனூரில் அவர் வீட்டு ட்யூஷன் பிள்ளைகளை. ஒரு மாதமாக அந்தப் பாட்டு அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

உத்தமபாளையம் மெகருன்னிசா டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன சார், தப்புக்கு ஒத்திகையா?”

“பின்னே? எடுத்த எடுப்புல சரியாப் பாடுனா, தெரிஞ்ச பாட்டுன்னு கண்டுபிடிச்சிருவாக. ரெண்டு தடவ தப்பு, மூணாந்தடவ சரி. உங்க பிள்ளைக எப்படி?”

“எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக. என்ன பாட்டுன்னே இன்னும் சொல்லல.”

“போன வருஷமும் இப்படி நேர்மையாப் போயித்தான ஃபெயிலானீக? ரெண்டு வாய்ப்புதான் டீச்சர். இன்னையோட சரி.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா?”

“வருஷம் பூரா எங்க பாட்டு பீரியட கணக்கு வாத்தியார் வாங்கிக்கிறாக. இன்னைக்கு நாப்பது நிமிஷமாவது பிள்ளைக பாடட்டும்.”

முத்துக்குமரன் சிரித்தார். பிழைக்கத் தெரியாதவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்புதான் வரும்.

முதலில் மெகருன்னிசா. தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருக்குப் பாட்டு வந்தது. இரண்டு பேருக்குப் பாதி. ஐந்தாமவன் நடுவில் நிறுத்தி, “டீச்சர், பஸ்சு எத்தன மணிக்கு?” என்றான்.

பரீட்சகர் ராக்கையா கண்ணாடியை இறக்கினார்.

“மூணு பேருக்கு வரலையேம்மா.”

“இன்னும் ரெண்டு நாள் கெடச்சா வந்துரும் சார்.”

“ரெண்டு நாளா? போங்க.”

அடுத்து முத்துக்குமரன். சொல்லிவைத்தபடி இரண்டு தடவை மூன்றாவது வரியில் இறங்கினார்கள். ஓவியாவும் இறங்கினாள். முத்துக்குமரன் நெற்றியில் கை வைத்து வருத்தப்பட்டார். திருத்தினார். மூன்றாம் தடவை பிசிறில்லாமல் வந்தது.

ராக்கையா பிள்ளைகளை வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

“அஞ்சு பேரும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி தப்புறாக. எப்படி வாத்தியாரே?”

முத்துக்குமரனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. மூன்று கோடையும் போச்சு.

“சார்... அது வந்து...”

“எனக்கே காது குத்துறீகளா?”

“மன்னிச்சிருங்க சார்.”

ராக்கையா மார்க் தாளை இழுத்தார். மெகருன்னிசா பெயருக்கு நேரே முப்பத்தொன்று. அதற்குக் கீழே, முத்துக்குமரன் பெயருக்கு நேரே தொண்ணூற்றிரண்டு என்று எழுதினார்.

“இன்னும் பழகணும் வாத்தியாரே. நான் இதே பரீட்சைக்கு வந்தப்ப, ஒவ்வொரு பிள்ளையையும் வேற வேற இடத்துல தப்ப வச்சேன்.”