கண் மூடினால் திறக்காத பெட்டி

லாரி பாலத்தில் மோதியதில் ஸ்டியரிங் நெஞ்சில் இடித்த டிரைவர் செங்கோடனை எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. ஸ்கேனில் பார்த்தேன். இதயத்தைச் சுற்றியுள்ள பையில் ரத்தம் தேங்கி, இதயத்தை விரியவிடாமல் நெரித்தது. உடனே ஊசி குத்தி உறிஞ்ச வேண்டும்.

ஊசிப் பெட்டியோ பூட்டியிருந்தது. சிகிச்சைக்கான சம்மத வீடியோவை உறவினர் முழுதாகப் பார்ப்பதைத் திரையின் கேமரா கண்டால்தான் திறக்கும்.

செங்கோடனின் மனைவி பாவாயி திரைமுன் நின்றாள். பாதியில் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்கள் பார்க்கவில்லை" என்றது திரை. வீடியோ முதலிலிருந்து ஓடியது.

"கண்ண மூடாதீங்கம்மா!"

"சாமிய நெனச்சா கண்ணு தானா மூடுதுங்களே டாக்டரு!"

மறுபடி மூடினாள். மறுபடி முதலிலிருந்து. "உங்கள் நம்பிக்கையே எங்கள் பெருமை" என்று திரையில் ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரால் பெட்டியை உடைத்தேன். ஊசியில் ரத்தம் ஏற ஏற, பிரஷரும் ஏறியது.

மறுநாள் எனக்கு ஒரு வீடியோ வந்தது: 'மருத்துவமனைச் சொத்தைப் பேணுவோம்.' அதை முழுதாகப் பார்க்கும்வரை எந்தப் பெட்டியும் எனக்குத் திறக்காதாம்.

ஸ்பேனரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன்.