இலையில் குறைந்த ஒப்பட்டு

கதவைத் திறந்தபோது படையல் இலையில் இரண்டு ஒப்பட்டு, வெல்லப் போளி, குறைந்திருந்தது.

"அக்கா வந்துட்டா!" கெம்பம்மா சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பன்னெண்டு வருஷம் சுகர் சுகர்னு ஒரு துண்டு வெல்லம் காட்டல அவளுக்கு. செத்து முதல் மகாளயப் படையல்லயே ரெண்டை முடிச்சுட்டா பாரு!"

மத்தூர்ப் பக்கம் அப்படித்தான். மகாளய அமாவாசையன்று போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வீடே வாசலில் பட்டினியோடு நிற்கும். வந்தவர் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டுமே.

மகன் ஹரீஷ், அம்மாவின் படத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் மீசையைப் பார்த்தான். கால் கழுவி வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போய் வந்த சித்தே கௌடரின் மீசை நுனியில் நெய் மின்னியது.

"அப்பா, காலையில கார்ல இருந்து கேட்டேனே, சுகர் எவ்வளவு சொன்னீங்க?"

"இருநூத்தி எண்பது."

"அதை வெச்சுக்கிட்டு ஒப்பட்டா?"

"உங்கம்மா தனியா உக்காந்து சாப்பிட்டதே இல்லடா. துணைக்கு ரெண்டு சாப்பிட்டேன்."

ஹரீஷ் பொறுப்பான பிள்ளை. பெங்களூரிலிருந்து தினமும் ஏழரை மணிக்குப் போன் செய்து அம்மாவின் சுகரைக் கேட்பான்; எண்ணைக் குறித்துக்கொண்டு வைத்துவிடுவான். அம்மா போனதும் போனும் நின்றது. நாற்பதாம் நாள் அப்பாவுக்கும் சுகர் வந்தது. துக்கத்தில் வந்திருக்கும் என்று ஆபீஸில் நாலு பேர் சொன்னார்கள். ஏழரை மணிப் போன் மறுபடி தொடங்கியது.

அப்பா சொல்லும் எண்களை அவன் செல்போனில் வரைபடமாகவே போட்டு வைத்திருந்தான். வேலை மும்முரத்தில் இரண்டு நாள் கூப்பிடாவிட்டால் கோடு மலையேறிவிடும். கூப்பிட்டதும் சமர்த்தாக இறங்கிவிடும். இரவெல்லாம் யோசித்து, பூசணிக்காய்தான் காரணம் என்று கண்டுபிடித்து, அப்பாவுக்குப் பூசணியைத் தடை செய்திருந்தான்.

இப்போது பையிலிருந்து புத்தம் புது சுகர் மிஷினை எடுத்தான். "விரலை நீட்டுங்க."

"காரியம் முடியட்டும்டா."

"நீட்டுங்கப்பா!"

பதினாறு ஏக்கர் கரும்பு வெட்டிய கௌடர், ஊசிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தொண்ணூற்றாறு.

"மிஷின் ரிப்பேர்," என்றார் அவசரமாக. "கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான். மொதல்ல போய்த் திருப்பிக் குடு."

ரிப்பேர்தானா என்று பார்க்க ஹரீஷ் தன் விரலில் குத்திக்கொண்டான். படையலுக்காகக் காலையிலிருந்து காபிகூடக் குடிக்காத வயிறு. இருநூற்று நாற்பது. அடுத்த விரலில் குத்தினான். இருநூற்று நாற்பத்திரண்டு. சித்தியின் விரலையும் விடவில்லை. நூற்றிரண்டு.

"என்னை ஏன்டா குத்தறே?" என்று ஆரம்பித்த சித்தி, அவன் முகத்தைப் பார்த்து விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"அப்போ உங்களுக்கு சுகரே இல்லையாப்பா? பத்து மாசமா எனக்குச் சொன்ன நம்பரெல்லாம்?"

கௌடர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "சுகர் இல்லேன்னா நீ எதுக்குடா போன் பண்ணப் போறே?"

ஹரீஷ் மிஷினில் தன் இருநூற்று நாற்பத்திரண்டை மறுபடி தேடி எடுத்தான். கௌடர் அவன் கையைப் பிடித்து, ரத்தம் கசிந்த விரலைத் தன் துண்டால் ஒற்றினார். மனைவியின் படத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"பயப்படாதே. நாளையிலேர்ந்து ஏழரைக்கு நான் போன் பண்றேன்."