தப்பான பட்டன்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு காலேஜ் இருந்துச்சாம். அந்தக் காலேஜில் ஒரு காமராஜ் சார் இருந்தாராம். அவரிடம் ஒரு பெட்டி நிறைய கிளிக்கர் இருந்துச்சாம். நம்ம கதை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

கிளிக்கர் என்றால் டி.வி. ரிமோட் மாதிரி ஒன்று. பி.காம். கடைசி வருஷப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று கையில் வைத்திருப்பார்கள். சார் திரையில் கேள்வி போடுவார். ஏ, பி, சி, டி என்று நாலு பட்டன். அமுக்கினால், எத்தனை பேர் சரி, எத்தனை பேர் தப்பு என்று திரையில் வந்துவிடும். யார் யார் என்பது சாருடைய லேப்டாப்பில் மட்டும் தெரியும்.

பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் ஓட்டு மெஷின்.

பத்துப் பேராவது தப்பு போட்டால் சார் அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்துவார். அதற்குக் குறைந்தால், "புக்கைப் பாத்துக்கோங்க, போர்ஷன் முடிக்கணும்" என்று அடுத்ததற்குப் போய்விடுவார். திரும்ப நடத்தினால் மறுபடியும் அமுக்கச் சொல்வார்; ஆனால் முதல் தடவை அமுக்குவதற்குத்தான் மார்க்.

திங்கட்கிழமை சார் சொன்னார்.

"மதுரைக் கம்பெனி ஒண்ணு ஆள் எடுக்க வருது. ஆறு பேரைத்தான் அனுப்பணும். இந்த வாரக் கிளிக்கர் மார்க்கை வச்சுத்தான் அனுப்புவேன்."

எல்லோரும் அஸ்ஃபியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வருஷத்திலிருந்தே முதல் மார்க் அவள்தான். "எம்மக கம்பெனி வேலைக்குப் போகப் போறா" என்று அவளுடைய வாப்பா ஜபருல்லா பஜாரில் கடை கடையாகச் சொல்லியும் வைத்துவிட்டார்.

அந்த வாரம் பார்த்துத்தான் அஸ்ஃபியா வரிசையாகத் தப்பு போட்டாள்.

சார் வழக்கமாக எண்ணிக்கையோடு விட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை லிஸ்டுக்காகப் பேர்களையும் பார்த்தார்.

"அஸ்ஃபியா, எந்திரி. என்னம்மா இது?"

எழுந்து நின்றாள்.

"ஒரு மெஷினோட மதிப்பு வருஷா வருஷம் குறையுதே, அதுக்கு என்ன பேரு?"

வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"தெரியல சார்."

"டிப்ரிசியேஷன் தெரியாதா? ஒனக்கா?" சார் அவளையே உற்றுப் பார்த்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஹாரிஸ் குரல் கொடுத்தான்.

"சார், டிப்ரிசியேஷன் மெஷினுக்கு மட்டுமில்ல, மூளைக்கும் உண்டு போல!"

வகுப்பு சிரித்தது. சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"போனை நோண்டுனா இப்படித்தான். மெஷின் பொய் சொல்லாதும்மா. ஒம் பேரை எடுத்துட்டேன்."

ஆறு பேரை வாசித்தார். ஆறாவது பேர் வேலுத்தாய்.

அஸ்ஃபியா உட்கார்ந்தாள். மணி அடித்ததும் கிளிக்கரைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

பஸ் ஸ்டாப்பில் வேலுத்தாய் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, இந்த வாரம் ஒன் மொறையை நான் எடுத்துக்கிடுதேன்னு திங்கக்கிழமையே சொன்னேன்ல?"

"எடுத்திருந்தா ஒம் பேரு போயிருக்கும்."

"எம்பேரு போனா ஊர்ல யாரு கேக்கப் போறா? ஒங்க வாப்பாட்ட என்ன சொல்லுவ?"

"அடுத்த கம்பெனின்னு சொல்லுவேன்." அஸ்ஃபியா ரோட்டைப் பார்த்தாள். "மொறைன்னா மொறைதான் வேலு. வயலுக்குக் கண்மாய்த் தண்ணி விடுற மொறை மாதிரின்னு நீதான சொல்லிக் குடுத்த?"

விஷயம் இதுதான். அந்த வகுப்பில் ஏழெட்டுப் பேர் மணி அடித்த கையோடு மில் ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள். வீட்டில் போய்ப் புத்தகத்தை விரிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. சார் நடத்துவதுதான் பாடம். அவர்களுடைய தப்பை மட்டும் கூட்டினால் பத்து வராது. பத்துக்குக் குறைகிற தப்பு ஓட்டுகளை, பாடம் புரிந்தவர்கள் வாரா வாரம் முறை வைத்து வேண்டுமென்றே போட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முழுக்கத் தெரியும். சாருக்குத் தெரிந்தால் திரும்ப நடத்துவது நின்றுபோகும்.

ஹாரிஸ் தயங்கித் தயங்கி வந்தான்.

"ஏட்டி, ரொம்பப் பேசிட்டேனோ?"

"ஏலே, எம் மூளைக்கா டிப்ரிசியேஷன்?" என்றாள் அஸ்ஃபியா.

"சார் பார்த்த பார்வையைப் பாத்தியா? செத்த நேரம் விட்டா, வேணும்னே அமுக்குனியான்னு கேட்டிருப்பாரு. அதான் சிரிக்க வச்சேன். எனக்கும்தான் இந்த வாரம் மொறை. நான் தப்பு போட்டா மட்டும் ஒரு ஆளும் ஏன்னு கேக்க மாட்டேங்காக!"

"அது ஒன் ராசி. போய் வடை வாங்கிட்டு வா. மூளைன்னு சொன்னதுக்கு ரெண்டு."

அப்போது வேல்பாண்டி அவர்களைத் தாண்டி வேகமாகப் போனான். சோழபுரத்துக்காரன். மில்லுக்கு ஓடுகிறவர்களில் ஒருத்தன். வகுப்பில் அவன் போடுகிற பட்டன் எப்போதும் தப்புதான்.

போனவன் நின்றான்.

"அடுத்த வார மொறையில எம்பேரையும் சேத்துக்கோங்க."

ஹாரிஸ் சிரித்தான். "ஏலே, ஒனக்குப் புரியலைன்னுதானல நாங்க இம்புட்டுப் பாடு படுறோம்! ஒனக்கெதுக்கு மொறை?"

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வேல்பாண்டி மில்லைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னான்.

"இந்த வாரம் ரெண்டாவது தடவை நடத்துனாருல்ல? புரிஞ்சிருச்சுல. இனிமே நானும் வேணும்னேதான் தப்பா அமுக்கணும்."