அடுப்பெரியும் வீடு

“என்ன நல்லம்மா, பெரிய கொட்டையையும் சின்ன கொட்டையையும் ஒண்ணாப் போட்டு வறுக்கிற? புத்தி பேதலிச்சுப் போச்சா?”

வாசலில், தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் நாராயணசாமி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். நல்லம்மாள் குனிந்து சட்டியைப் பார்த்தாள். ஐயோ, அவர் சொன்னது சரிதான்! சின்ன ரொபஸ்டா கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. பெரிய லைபீரியாக் கொட்டை இன்னும் மஞ்சள் நிறத்தையே தாண்டவில்லை. காப்பி வறுக்கத் தெரிந்த எவளும் இரண்டையும் ஒரே சட்டியில் கொட்டமாட்டாள்.

“கொஞ்சந்தான் இருந்துச்சுங்க மண்டோரய்யா. தனித்தனியா வறுக்க வெறகு பத்தல...” என்று மழுப்பினாள்.

அன்று காலை லோரியில் ஒரு பிணத்தைக் கொண்டுவந்து தோட்ட ஆபீஸ் வாசலில் கிடத்தியிருந்தார்கள். காட்டில் சுடப்பட்ட கம்யூனிஸ்ட்காரன். முகத்தில் குண்டு பாய்ந்து அடையாளமே இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் மொத்தத்தையும் வரிசையாக நடக்கவிட்டு, யாரென்று பார்க்கச் சொன்னார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? என் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால், குடும்பத்தையே முகாமில் அடைத்துப் பிறகு நாடுகடத்திக் கப்பலேற்றிவிடுவார்களே!

நல்லம்மாளும் நடந்தாள். அதே உயரம், அதே கறுத்த நெஞ்சு. புக்கிட் ரோத்தானில் மளிகைக் கடை வேலை என்று ஊரை அவள் நம்பவைத்திருந்த மகன் அர்ஜுனன், காட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. கிடப்பது அவனேதான் என்று நினைத்தாள். ஆனாலும் நிற்காமல் நடந்துவிட்டாள். வீட்டில் வயசுக்கு வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளையாவது காப்பாற்ற வேண்டாமா?

அப்போதுதான் இந்தப் படுபாவி மண்டோர் போலீசுக்கு யோசனை சொன்னார்.

“சாவு விழுந்த வீட்ல எங்க சனம் அடுப்பு மூட்டாது. எந்த வீட்ல பொகை வரலையோ, அந்த வீட்டப் பிடிங்க. நானே கூட வந்து காட்டுறேன்லா!”

என்ன மனுஷன்! லயமே அவருக்கு மண்ணை வாரித் தூற்றியது.

அதனால்தான் நல்லம்மாள் அடுப்பை மூட்டினாள். பெற்ற பிள்ளை வெயிலில் கிடக்க, தாய்க்காரி காப்பி வறுக்கிறாள். இந்தக் கை அழுகிப் போகாதா? வாய்விட்டு ஒரு மூச்சு அழக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

மண்டோர் சட்டியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?”

“பொகைங்க.”

தொலைந்தோம் என்றுதான் நினைத்தாள். அவரோ போலீஸ்காரர் பக்கம் திரும்பி, இங்கே அடுப்பு எரிகிறது, அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்று மலாய் மொழியில் சொன்னார். படியிறங்கும்போது மட்டும் ஒரு நொடி நின்றார்.

“கடுங்காப்பி போட்டு ஒரு தூக்குல எங்க வீட்டுக்குக் கொண்டு போயிக் குடுத்துரு.”

செய்த பாவம் போதாதென்று இவன் பெண்டாட்டிக்குக் காப்பி வேறா? நல்லம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். கருகியதைப் பொறுக்கி எறிந்து, மிச்சத்தை வறுத்து இடித்து, கொதிக்கவைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு போனாள்.

மண்டோர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவர் மனைவி தாயம்மா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தாள். ஆளைக் கண்டதும் தவழ்ந்து வந்து நல்லம்மாளின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அடுப்ப மூட்டுடின்னு அந்த மனுசன் கெஞ்சினாரு. எனக்குக் கை வரலையே நல்லம்மா! அதான் போலீசு இந்தப் பக்கம் திரும்பிறக் கூடாதுன்னு, லயத்துல வீடு வீடா அவங்கள இழுத்துக்கிட்டு அலையுறாரு. முகம் போனா என்ன, உள்ளங்கால் தழும்பு பெத்தவளுக்குத் தெரியாதா? சிங்கப்பூர்ல வேலைன்னு சொன்னதெல்லாம் பொய்டி... அங்க கெடக்கிறது எங்க சோமு!”